மேரியக்கா பேசும்போது செத்த மைக்

ஞாயிறு, இரவு

என் கூட்டாளி சேவியரை இன்று அடிக்காமல் வந்ததே பெரிது.

இனயம் கடற்கரை ஊரில் கடலரிப்பு பற்றி அதிகாரிகள் வந்த கூட்டம். மைக்செட் எங்களுடையது. கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்த மேரியக்கா கார்ட்லெஸ் மைக்கைப் பிடித்து, "ஐயா, கரையில கல்லு போடச் சொல்லி எத்தன மனு தந்தோம், அதெல்லாம்..." என்றாள். அத்தோடு மைக் செத்தது. மேடையில் வயர் மைக் வைத்திருந்த அதிகாரி, "சரி, அடுத்தவர்" என்றார்.

ஓடிப்போய் மைக்கைத் திறந்தேன். உள்ளே டிவி ரிமோட்டுக்குப் போடுகிற மலிவு பேட்டரி. மைக்குக்கென்றே நான் வாங்கி வைத்த ஆல்கலைன் பேட்டரிப் பெட்டியை சேவியர் பிரிக்கவேயில்லை.

"ரெண்டும் ஒரே சைஸ்தானலே. போட்டப்ப ஃபுல்லு காட்டிச்சு" என்கிறான். காட்டும். பேசப் பேச ஒரேயடியாக விழும். எத்தனை தடவை சொன்னேன், அந்த நாய்க்கு ஏறவில்லை.

நல்ல பேட்டரி போட்டு நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "ஆருக்கு வேண்டி அணைச்சே, மக்கா?" என்று கேட்டாள். பேட்டரி என்று சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. சேவியர் அந்தப் பக்கம் திரும்பி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

இனி அவனோடு எந்த மேடைக்கும் போகமாட்டேன். ஆனால் நாளைக்கு ஒரு தடவை மட்டும் அவன் என்னோடு வர வேண்டும், அக்காவின் முன்னால் நின்று தப்பு தன்னுடையது என்று சொல்ல. மாட்டேன் என்றால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.