பெர்மிட்டில் மூன்று பெயர்

காட்டூர்,
ஜூன் 8, ஞாயிறு

அன்பு மகள் ஜென்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். தினமும் வீடியோவில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் எதிரில் சொல்ல வராதது கொஞ்சம் இருக்கிறது. நம் பக்கத்து வீட்டு நசீரா அக்காவின் மகள் வியாழக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறாள், அவளிடம் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். உன் தம்பி ஆசீர் சென்னையில் வீடு மாறிவிட்டான், தண்ணீர் வசதி பரவாயில்லை என்றான்.

ஆகஸ்ட் கடைசியில் அந்த மலைப் பூங்காவில் மூன்று இரவு டென்ட் போட்டுத் தங்கப் பெர்மிட் கிடைத்துவிட்டது, உங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்திருக்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பைபாஸ் ஆபரேஷன் ஆன இந்த இரண்டு வருஷத்தில் உன் அப்பா தெருமுனைக்குப் போகவே என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவர், அவரைப் போய் மலையேறச் சொல்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் நீ அனுப்பிய விதிமுறைகள் வந்ததும் மனுஷர் மாறிவிட்டார். முப்பத்தொரு வருஷம் பிளான்டில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் இருந்தவர் அல்லவா, விதி எழுதிய காகிதம் என்றால் அவருக்குப் பாயசம். இருபத்திரண்டு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, காலைக் காபியோடு எனக்கு வாசித்துக் காட்டுவார். சாப்பாட்டை எல்லாம் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைக்க வேண்டுமாம், சோப்பும் பேஸ்ட்டும்கூட அதற்குள்தானாம், வாசனை வருவது எதுவும் டென்ட்டுக்குள் இருக்கக் கூடாதாம். அப்படியென்றால் என் தைலம் என்று கேட்டேன், அதுவும் டப்பாவுக்குள்தான் என்றார். தைலம் தேய்க்காமல் நான் தூங்கி எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியும். சமைப்பது டென்ட்டிலிருந்து எழுபது தப்படி தள்ளித்தான் என்று போட்டிருக்கிறதே என்று நம் வாசலிலிருந்து நடந்து எண்ணிப் பார்த்தார், நசீரா அக்கா வீட்டைத் தாண்டி பிச்சமுத்துவின் மளிகைக்கடை வந்துவிட்டது. விறகு மூட்டக் கூடாது, ஓடையில் பாத்திரம் கழுவக் கூடாது, கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஒதுங்கப் போனால் ஆறு அங்குலக் குழி தோண்ட வேண்டும். இந்தக் கடைசி விதியை நசீரா அக்கா வந்திருந்தபோது சத்தமாக வாசித்துவிட்டார், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே, இந்த விதியை நம்ம தெருவுக்கும் போட்டா நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் பயிற்சி என்று ஆரம்பித்தார். திருவெறும்பூர் மலைக்கோயில் படிக்கட்டுக்கு விடியற்காலையில் என்னை அழைத்துப் போவார். ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டு என் முதுகில் மாட்டிவிட்டு, அவர் வெறுங்கையாக நிதானமாகக் கூட ஏறுவார். முதல் நாள் பாதிப் படியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது, அவர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே பூ விற்கும் ரங்கநாயகி, இது என்ன வேண்டுதல் என்று கேட்டது. பெர்மிட் வேண்டுதல் என்றேன். மே மாதம் முடிவதற்குள் அப்பா ஒரே ஒரு இடத்தில் நின்று மேலே வரை வந்தார். நான் நிற்கவே இல்லை. உச்சியில் நின்று பார்த்தால் தஞ்சாவூர் ரோடும் பிளான்டின் புகைபோக்கிகளும் தெரியும், எத்தனையோ வருஷம் கீழேயே பஸ்ஸில் போய்வந்த எனக்கு நம் ஊர் இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தையல் மெஷினை விட்டால் அடுப்படி என்று இருந்த எனக்கு, இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகக்கூட இருக்கிறது, காலையில் அந்தப் பை எப்போது முதுகில் ஏறும் என்று இருந்தது.

போன திங்கட்கிழமை டாக்டரிடம் செக்கப்புக்குப் போனோம். அப்பா பெர்மிட்டையும் மேப்பையும் கையோடு கொண்டுபோய் மேஜையில் விரித்தார். டாக்டர் நல்ல மனுஷர், அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தார். டென்ட் போடும் இடம் எவ்வளவு உயரம், ரோடு எவ்வளவு தூரம் என்று கேட்டார். பத்தாயிரத்து நானூறு அடி, ரோட்டுக்கு ஆறு மைல், போன் எடுக்காது என்று அப்பா உள்ளதை உள்ளபடி சொன்னார். விமானத்தில் போங்க, மகள் வீட்ல தாராளமா இருங்க, கொடைக்கானல் உயரம் வரைக்கும் பயமில்லை, ஆனா அந்த உயரத்துல படுத்துத் தூங்க உங்க இதயத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பா காகிதத்தை மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தார். பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நெஞ்சுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அவர் போகாவிட்டால் நானும் போக வேண்டியதில்லை, கரடியும் வேண்டாம் குழியும் வேண்டாம் என்று இருந்தது. பால்பண்ணை தாண்டும்போது, ஜென்சியிடம் சொல்லி நம் இரண்டு பேர் பெயரையும் எடுத்துவிடச் சொல்லலாம் என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என் பேரை மட்டும் எடுக்கச் சொல்லு. ஆளைக் குறைக்கலாம், குறைச்சா திரும்பச் சேர்க்க முடியாதுன்னு பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கு. உன் பேர் இருக்கட்டும்" என்றார்.

மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது, நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள், மூன்று நாள் போன்கூட இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "அற்புதம், ரெண்டு வருஷமா நான் மூச்சு விடுறதையே பார்த்துக்கிட்டு இருக்க. நான் தூங்குறேன்னு நினைச்சு மூக்குல கை வச்சுப் பார்க்குறது எனக்குத் தெரியாதா? மூணு நாள் மலையைப் பாரு. நான் இருப்பேன்."

பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் செய்வதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மறுநாள் காலை நான் எழுந்திருப்பதற்குள் அரிசிப் பை வாசலில் தயாராக இருந்தது. அவர் கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டார், நான் தனியாக ஏறி இறங்கி வந்தேன். புதன்கிழமையிலிருந்து மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார், நான் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. வியாழக்கிழமை மட்டும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

ஆகையால் பாப்பா, ஆளைக் குறைக்க இந்த மாதம் இருபதாம் தேதிதான் கடைசி நாளாம், அதற்குள் பெர்மிட்டில் அப்பா பெயரை மட்டும் எடுத்துவிடு. அந்த மூன்று நாளும் உன் சிநேகிதி கனிஷ்கா வீட்டில் அவர் இருக்கலாமா என்று கேட்டு வை, உப்புக் குறைத்துச் சமைத்தால் போதும், வேறு தொந்தரவு தர மாட்டார். எனக்கு ஷூ ஆறாம் நம்பர், விரல் பக்கம் அகலமாகப் பார்த்து வாங்கு. ஆகஸ்டுக்கு நான் தையல் ஆர்டர் எதுவும் பிடிக்கவில்லை. நீயும் முட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொள், ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு அங்கே வந்து அம்மா நில்லு என்று சொல்லாதே. வேளாங்கண்ணி மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், நீ நினைத்தது எல்லாம் நடக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இருபதாம் தேதிக்குள் நான் பயந்துபோய் உனக்குப் போன் செய்து, என் பெயரையும் எடுத்துவிடு என்று கட்டாயம் சொல்வேன். அப்போது நீ சரி என்று சொல்லிவிட்டு, எடுக்காமல் இரு.

இப்படிக்கு,
உன்னோடு மலைக்கு வரும் அம்மா,
அற்புதம்மாள் அருள்நாதன்