முன் சீட்டு நாற்றம்

நவம்பர் 2, திங்கள்

காலையிலிருந்து மழை. கார் கழுவும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். தப்பு. துரைசானியைப் பாலோ டவுன் கடைக்குக் கூட்டிப் போக உத்தரவு. கண்ணாடியெல்லாம் ஏற்றியாயிற்று. பாதி வழியில் அவர் கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"சைஸ், பூசோக்!"

பூசோக் என்றால் மலாயில் அழுகல் நாற்றம். சைஸ் என்றால் குதிரைக்காரன். குதிரை போய்க் கார் வந்தும் எனக்குப் பெயர் மாறவில்லை. நாற்றம் எனக்கும் அடித்தது. எலி செத்திருக்கும் என்றேன்.

பழைய கார் திறந்த கார். எது நாறினாலும் காற்று கொண்டுபோய்விடும். இந்த மூடு கார் வந்ததிலிருந்து பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரிதான்.

நவம்பர் 3, செவ்வாய்

மழை விடவில்லை. அடிப்பலகை எல்லாம் கழற்றிப் பார்த்தேன். எலி இல்லை. கிடைத்தவை: துரையின் சட்டைப் பொத்தான், துரைசானியின் கொண்டை ஊசி, ரப்பர் விதை, நான் தொலைத்த பீடிக்கட்டு (நமுத்துவிட்டது).

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். சாயங்காலம் மேலே மண்ணெண்ணெய் நாற்றம், அடியில் பழைய நாற்றம்.

போன மாதம் பாலத்தருகே கார் வழுக்கிக் கால்வாயில் இறங்கியபோது முன் சீட்டு மெத்தையின் அடிச்சாக்கு கிழிந்தது. வீட்டுக்கு எடுத்துப் போனேன், அஞ்சலை தைத்துக் கொடுத்தாள். இந்தக் காரில் உறுதியாக இருப்பது என் பெண்டாட்டி போட்ட தையல் ஒன்றுதான்.

நவம்பர் 4, புதன்

இன்று வைத்தவை: கூடை நிறையக் கரி. காப்பித்தூள். அறுத்த எலுமிச்சை. பண்டான் இலை ஒரு கட்டு (பங்களாவின் சீனச் சமையல்காரர் ஆ சூன் யோசனை). கடைசியில் சாம்பிராணியும் போட்டேன். புகையைப் பார்த்துக் கார் எரிகிறது என்று துரைசானி செருப்பில்லாமல் ஓடி வந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

ஆ சூன் காருக்குள் தலையை விட்டு மோந்தார். "அண்ணே, பின்னால இல்ல லா. முன்னால." எனக்கும் தெரிகிறது. முன்னால் இருப்பது ஸ்டீரிங்கும் நானும்.

நவம்பர் 5, வியாழன்

துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவருடைய தோட்டத் தமிழில்: "டிரைவர், நாத்தம் காருல்ல. நீ. தலையில எண்ணெ, மேல வேர்வ. அம்மாவுக்குத் தல வலிக்குது. மாசக் கடைசியில சிங்கப்பூருல இருந்து பெரிய தொர வர்றாரு. அதுக்குள்ள போகல, வேற ஆளு போடுவேன். வீட்டயும் காலி பண்ணு."

சிவப்புச் சோப்பு ஒன்றைக் கையில் திணித்தார். கார்பாலிக். கணக்கெழுதும் கிராணியும் பியூனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இவ்வளவு வெட்கம் நான் பட்டதில்லை. பூமி பிளந்தால் போயிருப்பேன்.

வீடு என்பது கார்க் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. அஞ்சலைக்கு அடுத்த மாதம் பிரசவம். ரப்பர் விலை விழுந்து எல்லாத் தோட்டத்திலும் ஆளைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றுகிறார்கள். இந்த நேரத்தில் எவன் வேலை தருவான்?

நவம்பர் 6, வெள்ளி

விடியும் முன் ஒரு குளியல், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கை எரிகிறது. யாரும் பார்க்காதபோது என் தோளை நானே மோந்து பார்க்கிறேன். கிறுக்குப் பிடிக்கும்.

அஞ்சலையிடம் கேட்டேன். "நெசமா சொல்லு, நான் நாறுறேனா?"

"உங்க வாசந்தான் அடிக்குது."

"அது என்னா வாசம்?"

"பெட்ரோலு, பீடி, நல்லெண்ண." கிட்டே வந்தவள் சோப்பு வாசம் பட்டதும் வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தரை கழுவும் வாசம் அது. எங்கள் முதல் பிள்ளை அங்கேதான் செத்துப் போனான். எனக்கு ஞாபகமே வரவில்லை. எப்படி மறந்தேன்?

நவம்பர் 8, ஞாயிறு. தீபாவளி

லயத்து வீடுகளில் எல்லார் தலையிலும் எண்ணெய். என் தலை மட்டும் காய்ந்த வைக்கோல். அஞ்சலை எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். "ஒரு சொட்டாச்சும் வெச்சுக்குங்க. நல்ல நாளு." கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். கொட்டிவிட்டது. துரையிடம் காட்ட முடியாத கோபம் அவளிடம் காட்ட முடிகிறது. கேவலம்.

துரை தானே காரை ஓட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனார். நான் இல்லாமலே நாறியதாம். மனதுக்குள் குதித்தேன். ஆனால் துரைசானியிடம் அதற்கும் பதில் இருக்கிறது: என் வேர்வை மெத்தையில் ஊறிக் கிடக்கிறதாம். காரில் நான் இல்லாதபோதும் நான்தான் நாறுகிறேன்.

நவம்பர் 10, செவ்வாய்

ஒருவழியாக வெயில். முன் சீட்டு மெத்தையைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டேன். சூடு ஏற ஏற ஈ மொய்த்தது. அடிச்சாக்கின் தையலைப் பிரித்தேன்.

ஸ்பிரிங்குக்கு நடுவில் மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காய்ந்த மிளகாய், கல்லுப்பு, கரியால் பொட்டு வைத்த முட்டை. முட்டை என்று சொல்வது மரியாதைக்கு. அஞ்சலை எனக்குச் சோறு கட்டித் தரும் அதே முடிச்சு.

ரப்பர்க் காட்டில் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்து அவளிடம் கேட்டேன்.

"திருஷ்டி கழிச்சா முச்சந்தியில ஒடைக்கணும். கார்ல எதுக்குடி வெச்சே?"

"ஒடச்சா அன்னிக்கு ஒரு நாளைக்குத்தானே? நீங்க தெனம் அந்தப் பாலத்துல போறீங்க. கூடவே இருக்கட்டும்னு வெச்சேன்."

"நாறும்னு தெரியாதா?"

"அவிச்சுத்தாங்க வெச்சேன். அவிச்சது நாறாதுன்னு நெனச்சேன்." அழுதாள். "பிள்ளையத்தான் விட்டுட்டேன். உங்களையும் விட்டுட்டு நான் என்னா செய்ய?"

மெத்தையைத் திரும்பத் தைக்க அவளிடமே கொடுத்தேன்.

துரையிடம் சொல்லிவிடலாம் என்று பங்களா வாசல் வரை போனேன். சொன்னால் நான் நாற்றக்காரன் இல்லை என்று ஆகும். அவள் துரைசானியின் காரில் சூனியம் வைத்தவள் என்று ஆகும். அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். திரும்பிவிட்டேன்.

நவம்பர் 12, வியாழன்

பாலோ. கண்ணாடி ஏற்றியே போனோம். கைக்குட்டை பையை விட்டு வெளியே வரவில்லை. இறங்கும்போது துரைசானி சிரித்தார். "பாகுஸ், சைஸ்!" பேஷ் என்று அர்த்தம். சோப்பு வேலை செய்துவிட்டதாம்.

ஆகவே புது உத்தரவு. தினமும் காலையில் சிவப்புச் சோப்பு. தலையில் எண்ணெய் கிடையாது. கார் எடுக்கும் முன் ஆ சூன் என்னை மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி சோப்பு வருகிறது.

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. "பாய்க், மேம்" என்றேன். சரி அம்மா என்றுதான் சொன்னேன்.

நவம்பர் 13, வெள்ளி

காலையில் ஆ சூன் மோந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "பாய்க் லா அண்ணே, போங்க" என்றார். பாவம், அவருக்கும் வெட்கம்.

வேலை தங்கியது. வீடு தங்கியது. காரில் பண்டான் வாசம்.

பொழுது சாய மழை. அஞ்சலை சோறு வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பாயை வாசல் ஓரம் இழுத்துப் போட்டாள். சாரல் அடிக்கிற இடம்.

"கோவமில்லீங்க. உங்க மேல அந்த ஆஸ்பத்திரி வாசம்... கண்ண மூடுனா பிள்ள தெரியுறான்."

நீ உள்ளே படு என்றேன். நான் கொட்டகைக்குப் போகிறேன். காரின் முன் சீட்டு நீளம்தான், முட்டியை மடக்கினால் படுக்கலாம். அங்கே நாற்றமே இல்லை.