ஜெசியின் புளிப்பு மாவு

10 ஜூன் 2011, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போனது. மிக்ஸி ஜார் வாஷர் வாங்க வேண்டும்.

நேற்றும் ராத்திரிக்கு நான் செய்த நெய்ச்சோறும் கோலா உருண்டையும் தொடாமல் திரும்பி வந்தன. வாட்ச்மேன் சாப்பிட்டார், ஏப்பம் வேறு. ஜெர்மன்காரர்களுக்கு மத்தியானம் மட்டும்தான் சூடான சாப்பாடாம். ராத்திரிக்கு அடுப்பே மூட்டக்கூடாதாம். தட்டுகூடக் கிடையாது, ஆளுக்கு ஒரு சின்ன மரப்பலகை. அதன்மேல் என்கூடச் சமைக்கும் ஜெசி வைத்தது:

கறுப்பு ரொட்டி நான்கு துண்டு
வெண்ணெய், சீஸ்
வினிகரில் ஊறின குட்டி வெள்ளரிக்காய்
முள்ளங்கி, தக்காளி (நறுக்கினது, அவ்வளவுதான்)

அதற்கு இங்கே தங்கியிருக்கும் ஜெர்மன்காரர் ஊவே சார் கட்டைவிரலைத் தூக்கி, "சூப்பர், ஜெசி!" காய் நறுக்கினதற்குப் பாராட்டு! நான் நாலு வருஷமாக இந்த கெஸ்ட் ஹவுஸ் அடுப்பில் வேகிறேன். அவள் தென்காசியிலிருந்து வந்து எட்டு மாசம்.

எல்லாம் அந்த ரொட்டியால். கண்ணாடி ஜாடியில் ரொட்டியைப் பொங்கவைக்கும் புளிப்பு மாவு வைத்திருக்கிறாள், ஊ.சார் சொல்லிக்கொடுத்தது. தினமும் கொஞ்சம் மாவும் தண்ணீரும் ஊட்டுகிறாள். அதோடு பேசுகிறாள் வேறு.

13 ஜூன், திங்கள்

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஒரகடத்துல புது கெஸ்ட் ஹவுஸ் தொறக்கறாங்கம்மா. ஜெர்மன்காரங்க குடும்பம் குடும்பமா வராங்க. ஹெட் குக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். ஊவே சார் சம்சாரம் ஞாயித்துக்கெழம வராங்க. அவங்க சாப்ட்டு சொல்றதுதான்."

எனக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும், வேண்டும்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "இன்னாடி நீ, சின்னப் பொண்ணுகூடப் போய் போட்டி போட்டுக்கினு கீற?" என்கிறார். ஜெசிக்கு இருபத்தாறு வயது. சின்னப் பொண்ணாம்!

14 ஜூன், செவ்வாய்

ஜெசி அண்ணன் கல்யாணத்துக்குக் கிளம்பினாள். சனிக்கிழமை வந்துவிடுவாளாம். ஜாடியை என் கையில் கொடுத்து, "அக்கா, தெனம் ரெண்டு கரண்டி மாவு, அதே அளவு தண்ணி. மறந்திராதிய, செத்துப்போயிரும்."

சரி என்றேன். வாய்தான் சொன்னது.

16 ஜூன், வியாழன்

மழை வரும்போல இருந்தது, வரவில்லை. ஊ.சாருக்குக் காலையில் வேகவைத்த முட்டை. கிண்ணத்தில் நிறுத்தி, கத்தியால் தலையைத் தட்டி, குட்டி ஸ்பூனால் தோண்டுகிறார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வெந்தால் முகம் மாறுகிறது. ஜெசி போட்டுவிட்டுப் போன ரொட்டியில் மீதியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறார்.

ஜாடிக்கு நேற்றும் ஊட்டவில்லை, இன்றும் ஊட்டவில்லை. நான் ஒன்றும் கொட்டிவிடவில்லையே. மறந்துவிட்டேன், அவ்வளவுதான். இங்கேகூடப் பொய் எழுதுகிறேன். மறக்கவில்லை.

18 ஜூன், சனி

பத்து மணிக்கு ஜெசி போன். "அக்கா, டிக்கெட் கெடைக்கல. திங்கக்கெழமதான் வருவேன். நாளைக்கு அந்தம்மாவுக்கு ரொட்டி நீங்களே போட்டிருங்க. நீங்க பாத்திருக்கியள்ல, உங்களுக்கு வரும்."

ஓடிப்போய் ஜாடியைத் திறந்தேன். மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர், சாராய நாற்றம். ஒரு குமிழி இல்லை. அவளைக் கவிழ்க்கப் போய் நானே விழுந்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

மேல் தண்ணீரை வடித்தேன். புது மாவு போட்டேன். மத்தியானம் வரை அசைவில்லை. வீட்டுக்கு ஓடி, நேற்று அரைத்துப் புளித்த தோசை மாவில் ஒரு கரண்டி எடுத்துவந்து ஊற்றினேன். வேறென்ன தெரியும் எனக்கு? நாலு மணிக்கு ஓரத்தில் ஒரு குமிழி. ஆறு மணிக்கு மாவு பாதி ஜாடிக்கு ஏறியிருந்தது. அம்மாடி.

19 ஜூன், ஞாயிறு

ராத்திரியே பிசைந்து வைத்ததை விடியற்காலையிலேயே வந்து ஓவனில் வைத்தேன். அவள் செய்வது எட்டு மாசமாகப் பொருமிப் பொருமிப் பார்த்ததில் மனப்பாடம்.

நாலு மணிக்கு காபி, கேக். ஞாயிறென்றால் அவர்களுக்கு அது கட்டாயம். ஏழு மணிக்கு மரப்பலகைகள். சார் சம்சாரம் ரொட்டியை முகர்ந்தார், வெண்ணெய் தடவினார், கடித்தார். இன்னொரு துண்டு எடுத்தார். அப்புறம் இன்னொன்று. கண் கலங்கியிருந்தது, எங்கள் ஊர் ரொட்டியைவிட நன்றாயிருக்கிறது என்றார்.

ஊ.சார் சிரித்துக்கொண்டே, "ஜெசி பிரெட்!"

மேனேஜரும் தலையாட்டினார். "ஊருக்குப் போறப்பவும் மாவ வளத்து வெச்சிட்டுப் போயிருக்கா பாரேன்!"

மாவைத் தேற்றியதும் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படி என்று கேட்பார்கள். தோசை மாவு எதற்கு என்பார்கள். பட்டினி போட்ட கதை வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு பலகைகளைக் கழுவினேன்.

20 ஜூன், திங்கள்

ஜெசி வந்தாள். கல்யாண முறுக்கு ஒரு டப்பா. நேரே ஜாடியைத் திறந்து முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"பட்டினி போட்டுட்டியளாக்கா?"

என்னால் நிமிர முடியவில்லை. தோசை மாவு வரை சொல்லிவிட்டேன். அவள் ஜாடியை மூடி வைத்தாள். பிறகு மேனேஜர் அறைக்குப் போனாள். என் கதை முடிந்தது என்று பின்னாலேயே போனேன்.

"சார், நேத்து ரொட்டில எம் பங்கு ஒண்ணுமில்ல. ஏம் மாவு கெட்டுப்போச்சு, நான் சரியாச் சொல்லிக்கொடுக்காமப் போயிட்டேன். அக்காதான் தோசை மாவு ஊத்திக் காப்பாத்துனாவ. ரொட்டி முழுக்க அக்கா கைதான்."

மேனேஜர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, நேத்து ஒரு வார்த்த சொல்லல?" உடனே ஊ.சாருக்குப் போன்.

ஹெட் குக் நான். ஒன்றாம் தேதியிலிருந்து ஒரகடம்.

முறுக்கு நன்றாக இருக்கிறது. இறங்கவில்லை. வேலையை எனக்கு விட்டவள், நல்லவள் என்ற பேரையாவது சேர்த்து விட்டுக்கொடுத்திருக்கலாம், பாவி.