மாட்டுக் கொட்டகையில் ஒரு தூக்கம்

அயோவா, ஆகஸ்ட் 8, 1994

என் செல்ல மகள் ஜோலினுக்கு,

இங்கே நான் சுகம். சோளம் ஆள் உயரம் தாண்டிவிட்டது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டதால் அதில் எனக்குப் பெருமை இல்லை, பார்க்கிற சந்தோஷம் மட்டும்தான்.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பதினேழாம் தேதி மாநிலப் பொருட்காட்சிக்குப் போகிறேன். தனியாக. பக்கத்துப் பண்ணை மெர்லைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாய். அவனுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழிப்பறை வேண்டும். போன வருடம் நான் பார்த்ததெல்லாம் கழிப்பறை வாசல்தான். உன் அம்மா இருந்தபோது அவள் அங்கே போர்வைத் தையல் காட்டும் கூடத்தை விட்டு நகரமாட்டாள். எழுபத்து நான்கு வயதில் ஒரு நாளாவது எனக்குப் பிடித்ததை மட்டும் பார்க்கக் கூடாதா?

உன் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். தொலைந்துபோன நாய்க்குக் கழுத்தில் கட்டுவது மாதிரி. நீ அனுப்பிய முதியோர் இல்லத்துப் படிவம் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துதான் இல்லை.

பிடிவாதக்கார அப்பா,
லெனார்ட்


சியாட்டில், ஆகஸ்ட் 19

அன்புள்ள அப்பா,

நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று மெர்ல் சொன்னார். நான் நன்றாக இல்லை.

புதன்கிழமை மதியம் ஒரு பெண் போன் செய்தாள். “உங்கப்பா மாட்டுக் கொட்டகையில விழுந்து கிடக்கிறார், அசைவே இல்லை” என்றாள். அதற்குள் லைன் போய்விட்டது. உங்களுக்கு ஒன்றுமில்லை என்று பொருட்காட்சியிலிருந்து மறுபடி போன் வர ஒன்றரை மணி நேரம், அப்பா. அடக்கத்துக்கு எந்த உடுப்பு என்றுகூட யோசித்துவிட்டேன். மார்ச்சில் படியில் விழுந்தீர்கள், இப்போது இது. செப்டம்பர் பதினைந்து வரைதான் இல்லத்தில் அந்த அறையை நமக்காக வைத்திருப்பார்கள். தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். நான் கெட்டவள் என்று நினைத்தாலும் சரி.

உங்கள் ஜோலின்


அயோவா, ஆகஸ்ட் 24

கண்ணு ஜோலின்,

உன்னைக் கலங்க வைத்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் நான் விழவில்லை, படுத்தேன்.

காலையில் வெண்ணெயில் செய்த பசுச் சிலையைப் பார்த்தேன். பிறகு பெரிய ஆண் பன்றிகள். பரிசு வாங்கியதன் எடையைப் படித்ததும் என் தொப்பைமேல் எனக்கு மரியாதை வந்தது. குச்சியில் செருகிய பன்றிக்கறி இரண்டு தின்றேன். ஆமாம், இரண்டு. பிறகு மாட்டுக் கொட்டகை. புது வைக்கோல், பெரிய மின்விசிறி, அசைபோடும் சத்தம். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பழுப்புப் பசுவின் பக்கத்தில் சாய்ந்தேன். மதியத்தில் அங்கே மாட்டுக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் கிடப்பார்கள். உனக்குத் தெரியாததா? நான்காம் வகுப்பில் நீ கன்றுக்குட்டி வயிற்றில் தலைவைத்து மூன்று மணி நேரம் தூங்கினாய். யாரும் உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த நகரத்துப் பெண் ஒருத்திக்கு இந்த வழக்கம் தெரியவில்லை. என் பையைத் துழாவிச் சீட்டை எடுத்துக்கொண்டு போனுக்கு ஓடியிருக்கிறாள். பசுவின் சொந்தக்காரி தடுத்துப் பார்த்தாளாம். “பெரியவரை எழுப்பாதீங்கம்மா, என் மாடே இப்பத்தான் கண்ணை மூடிச்சு” என்றாளாம். நான் விழித்தபோது இரண்டு வெள்ளைச் சட்டைக்காரர்கள் என் நெஞ்சில் குழாய் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண், “மூச்சே இல்லையே” என்று அழுகிறாள்.

“மூச்சு இருக்கும்மா. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா இன்னும் நல்லா வரும்” என்றேன்.

இதற்காக ஒரு மனிதனை இல்லத்தில் கொண்டுபோய் அடைப்பதென்றால், கொட்டகையில் இருந்த அத்தனை பேரையும் அடை. பசுவையும் சேர்த்து.

அப்பா


சியாட்டில், ஆகஸ்ட் 30

அன்புள்ள அப்பா,

ஆசிரியர் அறையில் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கன்றுக்குட்டியின் வாசனைகூட ஞாபகம் வந்தது. நீங்கள் சொல்வது சரி, நான்தான் அவசரப்பட்டேன். அறை வேண்டாம் என்று இல்லத்துக்குச் சொல்லிவிட்டேன். படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆனால் கறி ஒன்று போதும்.

முத்தங்களுடன்,
ஜோலின்


அயோவா, செப்டம்பர் 6

என் ஜோலினுக்கு,

உன் கடிதம் வந்ததும் படிவத்தைக் கிழித்தேன். இரண்டு நாள் மெர்லிடம் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. பாதிக் கதையைச் சொல்லி உன்னை ஜெயித்திருக்கிறேன்.

மீதிப் பாதி இது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, வண்டி நிறுத்திய புல்வெளிக்கு வந்தேன். வண்டி இல்லை. வரிசை வரிசையாக நடந்தேன். திருடு போய்விட்டது என்று காவலுக்கு நின்ற இளம்பெண்ணிடம் சண்டைகூடப் போட்டேன். அவள் பொறுமையாக, “என்ன நிறம் ஐயா?” என்று கேட்டாள். பச்சை என்றேன். அவளும் என்னோடு நடந்தாள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப்போக, கடைசியில் தனியாக ஒரு நீல வண்டி நின்றது. அதன் பக்கமாக நான் நான்கு தடவையாவது போயிருப்பேன். அது என் வண்டி. பச்சை வண்டியை விற்று ஆறு வருடம் ஆகிறது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே உட்கார்ந்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். பயந்துவிட்டேன் ஜோலின். எழுதவே இத்தனை நாள் ஆகிவிட்டது.

வண்டிச் சாவியை நேற்று மெர்லிடம் கொடுத்துவிட்டேன். திருப்பிக் கேட்டாலும் தராதே என்று சொல்லியிருக்கிறேன், கேட்கத்தான் போகிறேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். அவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் உனக்கு எழுதுவேன், பிடிக்காததையும்.

இதைப் படித்ததும் அந்த இல்லத்துக்கு மறுபடி போன் செய்யத் தோன்றும். செய்யாதே. மார்ச்சில் வழுக்கிய படிக்குக் கைப்பிடி வைத்தாயிற்று. அடுப்பை அணைத்தேனா என்று இரவில் இரண்டு தடவை பார்க்கிறேன். தேவாலயத்திலிருந்து பொருட்காட்சிக்குப் பேருந்து விடுகிறார்கள். அடுத்த ஆகஸ்டில் அதில் போவேன். இறங்கியதும் தனியாகத்தான் நடப்பேன், களைத்தால் வைக்கோலில்தான் படுப்பேன். இந்த மறதிக்கு டாக்டர் என்ன பெயர் வைத்தாலும், என்னை எங்கே வைப்பது என்று முதலில் என்னிடம் கேட்க வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். பதிலுக்குக் கையெழுத்தைக் கேட்காதே. இந்தத் தாளின் அடியில் போடும் கையெழுத்து ஒன்றுதான் உனக்கு.

உன் அப்பா,
லெனார்ட் ஹாகன்