முகத்தில் வந்த பளபளப்பு

என் குட்டிமாவுக்கு,

"அப்பா போன ஈரம்கூடக் காயல, உனக்கு மட்டும் எப்படிம்மா மூஞ்சி இப்படி மினுக்குது?" என்று கேட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாய். அதற்கான பதிலைத்தான் இதில் எழுதுகிறேன்.

சவுனா என்கிற சூட்டறைக் குளியலுக்குப் போகிறேன். மூட்டுவலிக்கு நல்லது என்று அப்பாதான் என்னை அங்கே கூட்டிப்போய்ப் பழக்கினார். இப்போது வலிக்காகப் போகவில்லை. வீட்டில் தனியாகப் படுத்தால் உடம்பு சில்லிட்டுப்போகிறது. அந்தச் சூட்டில், மரப்பலகையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் கொஞ்சம் கண்ணயர முடிகிறது.

நேற்று அங்கே வரும் டீச்சர், "தோலெல்லாம் சின்னப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சே! வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்றதில்ல" என்றேன்.

உனக்கும் தூக்கமே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். ஒருநாள் வாயேன், சேர்ந்தே போகலாம்.

உன் அம்மா