பக்கத்து அறைக் கூட்டம்

பேட்டை
12.1.2025

அன்புள்ள ராணிக்கு,

நலம். நீயும் பிள்ளை சங்கரியும் அங்கே உன் அண்ணன் வீட்டில் நலந்தானே. போனில் பேசினால் குடித்திருக்கிறேனா இல்லையா என்று உனக்குக் குழம்பிப் போகிறது, எழுதினால் கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்றாய். பார்த்துக்கொள், வரி கோணவில்லை.

பட்டறையில் என்னோடு லேத் ஓட்டும் சுடலைராஜ் குடியை விட்டுவிட்டான் அல்லவா? பாளையங்கோட்டையில் ஒரு வேதக்கோயில் வளாகத்தில் ஞாயிறு சாயங்காலம் ஏ.ஏ. கூட்டம் நடக்கிறது, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுவார்கள், போய்ப் பார் என்று அவன்தான் சொன்னான். கூட வரவா என்றான். நான்தான் வேண்டாம் என்றேன்.

இன்று போனேன். போர்டு ஒன்றும் இல்லை. வாட்ச்மேனிடம் கூட்டம் எங்கே என்று கேட்டேன்.

"எந்தக் கூட்டம்வே?"

குடிகாரர் கூட்டம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்றேன். அவர் கை காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தால் அது ஜெபக் கூட்டம். ஒரு பெரியவர் வந்து என்ன கஷ்டம் தம்பி என்றார். முட்டுவலி என்று சொல்லிவிட்டேன். நாலைந்து பேர் தலையில் கைவைத்து என் முட்டுக்காக ஜெபித்தார்கள். பன்னும் டீயும் கொடுத்தார்கள். தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மறுபடி போகவா, வேண்டாமா? சங்கரி என்னைக் கேட்கிறாளா?

உன்
செந்தில்முருகன்

கொற்கை
18.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டுவலியை வாசித்துவிட்டு மதினி முன்னாலேயே சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக அப்புறம் என் மேலேயே கோபம் வந்தது. எழுத்து நேராகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததைத்தான் எழுதினீர்களா, என்னைச் சிரிக்க வைக்க எழுதினீர்களா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லி நான் நம்பிய கதைகள் கொஞ்சமா?

பொங்கலுக்கு அண்ணன் சங்கரிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தான். அவள் கேட்கத்தான் செய்கிறாள். அப்பாவுக்கு வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முட்டுவலி என்று சொன்னால் முட்டுக்குத்தான் ஜெபிப்பார்கள். குடிகாரர் கூட்டம் எங்கே என்று வாய்விட்டுக் கேளுங்கள். முத்தா உதிர்ந்துவிடும்?

முத்துராணி

பேட்டை
26.1.2025

அன்புள்ள ராணிக்கு,

கேட்டேன். வாட்ச்மேன் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்து மாடி என்றார். "பைய ஏறுங்க, லைட் கெடையாது" என்று மட்டும் சொன்னார்.

மாடியில் இரண்டு அறைகளில் ஆட்கள் இருந்தார்கள். முதல் அறையில் நுழைந்தேன். பெரும்பாலும் பெண்கள். இத்தனை பெண்கள் குடிக்கிறார்களா என்று திகைத்துப்போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒரு அம்மா பேசினார். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாதாம். யார், எந்த ஊர் என்று எனக்கே தெரியாததால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

"கேட்டுக்கதவு தொறக்கிற சத்தத்த வச்சே அவுக எவ்வளவு குடிச்சிருக்காகன்னு சொல்லிருவேன். சத்தமே இல்லாம வார அன்னைக்குத்தான் ஈரக்கொல நடுங்கும்."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நன்றி என்றார்கள், அடுத்தவர் பேசினார். அப்போதுதான் புரிந்தது, இது குடிக்கிறவனோடு குடித்தனம் பண்ணுகிறவர்களின் கூட்டம். எழுந்து போகவும் முடியவில்லை. என் முறை வந்தது. நடத்துகிற அம்மா, "உங்க வீட்ல யாரு குடிக்காக?" என்று கேட்டார்.

"நாந்தான்" என்றேன்.

"அப்போ நீங்க பக்கத்து ரூமுக்குல்லா போணும்" என்றார். பிறகு, "சரி, டீயக் குடிச்சிட்டுப் போங்க" என்று தம்ளரை நீட்டினார். வாங்கும்போதே சட்டையில் சிந்திக்கொண்டேன்.

பக்கத்து அறைக்குப் போனபோது அங்கே கூட்டம் முடிந்து நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போனது சரியான கூட்டமா, தப்பான கூட்டமா என்று இன்னும் விளங்கவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒன்றே ஓடியது. நம் வீட்டில் நீ எதைக் கண்டு பயந்தாய்? இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. எழுது.

செந்தில்முருகன்

கொற்கை
1.2.2025

அத்தானுக்கு,

கேட்டீர்கள், எழுதுகிறேன்.

குடித்துவிட்டு வரும் அன்றைக்கு நீங்கள் சங்கரியைத் தோளில் தூக்கிவைத்து ஆடுவீர்கள், கதை சொல்வீர்கள். குடிக்காத அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டீர்கள். அவள் கேட்பது அந்த ஆடுகிற அப்பாவைத்தான். அதைப் பார்த்துத்தான் பயந்தேன். அடிக்கிறவர் என்றால் எனக்குக் குழப்பமே இருந்திருக்காது. இப்போது குடியை விட்டால் வீட்டுக்கு வருவது யார்? அந்த ஆளோடு நான் வாழ்ந்ததே இல்லையே.

நான் பேட்டைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு ஏரலில் பஸ் மாறி அந்த மாடிக்கு வருகிறேன். நீங்கள் உங்கள் அறைக்குப் போங்கள். என்னை எட்டிப் பார்க்க வேண்டாம், பஸ் ஏற்றிவிட வர வேண்டாம்.

முத்துராணி

பேட்டை
9.2.2025

ராணிக்கு,

சொன்னபடி எட்டிப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. என்ன பேசினாய் என்று விளங்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். எதற்கு என்று கேட்கமாட்டேன். என் முறையில் பேரைச் சொன்னேன். குடிநோயாளி என்றும் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. நன்றி என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். இது சந்தோஷமா, வருத்தமா, எனக்குப் பிடிபடவில்லை. குடிக்கவில்லை, அது மட்டும் தெரிகிறது.

சங்கரியிடம் போனைக் கொடுப்பாயா? குடிக்காமல் எனக்கு ஆடத் தெரியாது, கதையும் வராது. அவள் பேசட்டும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செந்தில்முருகன்