அப்பாவின் பையில் இருந்த அரிசி

மாட்டுங்கா,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணான ஹரிதாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதங்கள். இவ்விடம் நான் சௌக்கியம், அவ்விடம் உன் சௌக்கியத்துக்கு எழுது என்று கை தானாக எழுதிவிட்டது, இருக்கட்டும். உண்மையில் சௌக்கியமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. வேளைக்குக் குளிக்கிறேன், விளக்கேற்றுகிறேன், பால்காரன் இன்னும் இரண்டு பேருக்கான பாலை வைத்துவிட்டுப் போகிறான், குறைத்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை, மீந்ததைத் தோய்த்து வைக்கிறேன், தயிர் தின்பாரில்லாமல் புளிக்கிறது. போனில் நீ கேட்டதற்கெல்லாம் உம் உம் என்றேன், நீயும் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன், மெதுவாகப் படி.

நீ கேட்டது இதுதானே. நீ இருக்கிற தேசத்தின் தெற்குக் கோடியில், டாஸ்மேனியா தீவில் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு மலையிலும் காட்டிலும் நாள்கணக்காக நடக்க நீயும் அப்பாவும் திட்டம் போட்டீர்கள், இரண்டு பேருக்கும் அனுமதிச் சீட்டும் வாங்கியாயிற்று, அப்பா போய்விட்டார், இனி அதை ரத்து செய்வதா, இல்லை அவர் இடத்துக்கு நான் வருகிறேனா என்று. இதை உன் வைத்தீஸ்வரன் சித்தப்பா காதில் போட்டு வைத்தேன், காரியமெல்லாம் பண்ணினது அவர்தானே, மாசாமாசம் அப்பாவுக்கு மாசியத் திதியும் அவர்தான் பண்ணுகிறார். அவர், வருஷம் திரும்பற வரைக்கும் மலை ஏறப்படாது மன்னி, அதுவும் சமுத்திரத்தைத் தாண்டிண்டு போய், நாலு பேர் என்ன சொல்லுவா என்றார். அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும், ஒருத்தருக்கும் மாடி ஏறினால் பேச்சே வராது. ஆனால் அதைச் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை, அவருக்கும் ஓர் உம் போட்டேன்.

அப்பா எப்படித் தயாரானார் என்று நீ வீடியோவில் கொஞ்சம் பார்த்திருப்பாய், தினமும் பார்த்தவள் நான். லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டடத்தில், பையில் அரிசி பாக்கெட்டுகளை அடுக்கி முதுகில் மாட்டிக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக இறங்குவார், ஏறுவார், மறுபடி இறங்குவார். கீழே வாட்ச்மேன் ஹமீது, என்ன சாப், எவரெஸ்ட் இன்னிக்கா நாளைக்கா என்று தினம் கேலி. ரிடையர் ஆன மனுஷனுக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையா என்று நானும் கத்துவேன். ஹரிதா கூட நடக்கறச்சே நான் அவளுக்குப் பாரமா இருக்கப்படாதுடி என்பார், அவ்வளவுதான், மறுபடி இறங்கிப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் ஜுரம் என்று படுத்தார், எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பை கதவுக்குப் பின்னால் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. தாராவியிலிருந்து வேலைக்கு வருகிறாளே பேராச்சி, அவள் போன வாரம், யம்மா, இந்தப் பைய எங்கயாச்சும் ஓரங்கட்டுங்க, பெருக்க முடியலல்லா என்றாள். சரி, பரணில் ஏற்றிவிடலாம் என்று போனேன். அந்தக் கனம் எனக்குத் தெரியுமே, ஒரு தடவை நகர்த்திப் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. புடவையைச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தூக்காகத் தூக்கினேன். பை காற்றாக வந்துவிட்டது, நான் பின்னால் சாய்ந்து கட்டிலில் போய் விழுந்தேன். திறந்து பார்த்தால் ஒரு மழைக்கோட்டு, ஒரு விசில், எரியாத டார்ச். அரிசி இல்லை.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார், பதிமூணாம் நாள் சுபத்தன்னிக்குக் கொட்டின மழை ஞாபகமில்லையா மன்னி, கிங்ஸ் சர்க்கிள்ல இடுப்பளவு ஜலம், சமையல்காரனோட டெம்போ மாட்டிண்டுது, வந்தவாளும் கிளம்ப முடியலே, சாதம் போறலே, பார்த்தா அந்தப் பையிலே பாக்கெட் பாக்கெட்டா அரிசி, பகவானே கொண்டு வந்து வச்ச மாதிரி இருந்தது, வடிச்சுப் போட்டுட்டோம் என்று. பாவம், எதற்காக வைத்த அரிசி என்று அவருக்கு எப்படித் தெரியும். கோபம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை, அழுகையும் வரவில்லை. அன்றைக்கு நீயும் நானும் உள்ளே பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே ரெண்டு கவளம் தின்றோமே, அது அப்பா முதுகில் ஏறி இறங்கின அரிசி. உன்னோடு வருவதற்கென்று அவர் சுமந்ததை நாம்தான் சாப்பிட்டிருக்கிறோம். அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்குப் பசித்தது. அவர் போன பிறகு வேளைக்குத் தின்றேனே தவிர பசி என்று ஒன்று வந்ததே இல்லை ஹரிதா. சாதம் வடித்து, மிளகு ரசம் வைத்து, அந்தப் புளித்த தயிரையும் விட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, கடித்தாலும் தெரியாது.

மறுநாள் கடையில் அரிசி வாங்கிப் பையில் போட்டேன், அப்பா அளவுக்கெல்லாம் இல்லை, கொஞ்சம்தான். முதுகில் மாட்டிக்கொண்டு கீழே போனபோது ஹமீது நாற்காலியை விட்டு எழுந்து நின்றான், கேலி ஒன்றும் பண்ணவில்லை. ஏறும்போது முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் ஓடி வந்து பையை வாங்கப் பார்த்தான், நான் கொடுக்கவில்லை. தினமும் போகிறேன், நேற்று நடுவில் உட்காராமல் வீடு வரைக்கும் வந்துவிட்டேன்.

அதனால் ரத்து செய்யாதே. அப்பா பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட விடுவார்களா என்று கேள், மாட்டோம் என்றால் புதிதாக ஒன்று வாங்கு. கோயில் மலை ஏறினால்தானே தோஷம், நான் பெண்ணோடு நடக்கத்தானே போகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை அவர் உம் என்றார். அப்பாவின் பூட்ஸ் எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது, என் காலைக் காகிதத்தில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், அதற்குச் சரியாக ஒன்று வாங்கி வை. அங்கே அட்டை கடிக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், உப்பு மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அந்த மாட்டுங்கா பிள்ளையார் உன் கூடவே இருக்கட்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. பெண்கள் வரக்கூடாது என்று எல்லோரும் தடுத்தும் கேட்காமல் நீ மயானத்துக்குப் போனாய். காரியம் முடிந்து கிளம்பும்போது திரும்பிப் பார்க்காமல் நட என்று சொன்னார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை என்று என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாய். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தத் தீவில் நான் மெதுவாகத்தான் நடப்பேன், உன் பின்னால்தான் வருவேன். நீ எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பிப் பார்.

உன் அம்மா
ராஜலக்ஷ்மி